ஓரகத்திக்குப் போன விளக்கு

எங்கள் வீட்டில் ஒரு மண் விளக்கு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். நம் அகல் போலத் திறந்த கிண்ணமாக இருக்காது. மேலே மூடிய உடல், எண்ணெய் ஊற்ற நடுவில் ஒரு துளை, திரி வெளியே வர மூக்கில் ஒரு துளை. இரண்டு துளைகளுக்கும் இடையே ஒரு சிலுவை புடைப்பாகத் தெரியும். அதைச் சுற்றித் தேய்ந்துபோன சில கிரேக்க எழுத்துகள். ஆதிக் கிறிஸ்தவர்கள் காலத்து விளக்கு என்று என் மாமனார் சொல்வார். அந்த விளக்கை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. என் ஓரகத்திக்குக் கொடுத்தார்.

இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பெரிய மனதோடு எழுதவேண்டும் என்று இரண்டு முறை முயன்று பார்த்தேன். அது யாரோ எழுதியது போல இருந்தது, கிழித்துப் போட்டேன். எரிகிறது என்பதுதான் உண்மை.

எரிய நியாயமும் உண்டு. நான் சம்பளம் வாங்குவதே மண்பாண்டங்களால்தான். கல்கத்தாவில் அலிப்பூர்ப் பக்கம் ஒரு அலுவலகத்தில், தோண்டி எடுத்து வரும் உடைந்த பானை, பொம்மை, ஓடு இவற்றைத் துடைத்து, ஒட்டி, பதப்படுத்தி வைப்பது என் வேலை. பல்லால் கடித்துப் பார்க்காத குறையாக மண்ணைத் தெரிந்தவள். வீட்டில் இப்படி ஒருத்தி இருக்க, அந்த விளக்கு போய்ச் சேர்ந்த இடம் மாடியில் ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதற்கு இரு பக்கமும் டார்ஜிலிங்கில் வாங்கிய இரண்டு பீங்கான் வாத்துகள்.

மாமனார் இளவயதில் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். பிறகு கல்கத்தாவில் ஒரு கப்பல் கம்பெனியில் மேஜை வேலைக்கு வந்து ஓய்வு பெற்றார். கப்பலில் போன நாளில், எகிப்தில் ஒரு துறைமுகத்தில், சாக்கு விரித்துச் சாமான் விற்ற ஒரு கிழவனிடம் இந்த விளக்கை வாங்கினார். கையில் பணம் இல்லை. கட்டியிருந்த வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். அது கல்யாணத்தில் பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச்.

"வாட்சைக் குடுத்து மண் ஓட்டை வாங்கிட்டு வந்த மகராசன்" என்று என் மாமியார் உயிரோடு இருந்தவரை சொல்லிக் காட்டினார். மாமனார் வாய் திறக்கமாட்டார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உட்பட, அலமாரியைத் திறந்து அந்த விளக்கைக் காட்டாமல் அனுப்பமாட்டார்.

நான் இந்த டாக்குரியா வீட்டுக்கு வந்த புதிதிலேயே கேட்டேன். "மாமா, ஒரு நாள் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கட்டுமா?"

"எங்க போயிடப் போவுது? அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார்.

அந்த அப்புறம் வரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் சாவி கிடைக்காது, அல்லது அவருக்குத் தூக்கம் வரும். ஒரு முறை பூப்போலத் துடைத்து வைக்கிறேன் என்றேன். "துடைக்கல்லாம் வேணாம், அது அப்படியே இருக்கட்டும்" என்று அலமாரியைப் பூட்டினார். கைராசி இல்லாதவள் என்று நினைக்கிறாரோ என்று அன்று குளியலறையில் போய் அழுதேன்.

பிறகு என் கொழுந்தன் கல்யாணம் வந்தது. பெண் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் குடும்பம். அவள் அப்பா துறைமுகத்தில் வேலை, மாற்றலாகி இங்கே வந்தவர். மாமனார் கொழுந்தனோடு பேச்சை நிறுத்தினார். மாமியார்தான் உண்ணாமல் கிடந்து, திட்டி, கெஞ்சி, அவரை வழிக்குக் கொண்டுவந்தார். ஒரு வழியாகக் கல்யாணம் முடிந்து அவள் படியேறி வந்தாள். ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு நான் தட்டோடு உள்ளே வருகிறேன், மாமனார் அலமாரியைத் திறந்துகொண்டு நிற்கிறார்.

"இது உங்க சாமி விளக்கு, கண்ணு. நீயே வெச்சுக்க."

என்னை அவர் 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார். அவள் வந்த அன்றே கண்ணு ஆகிவிட்டாள். நான் ஈரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கொடுத்து வைத்தவள் என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. வந்து சில மாதங்களுக்குள் என்னைவிட நன்றாகப் பெங்காலி பேசினாள். பக்கத்து வீட்டுப் பெங்காலி மாஷீமா, இங்கேயே பிறந்து வளர்ந்த என்னை விட்டுவிட்டு, ஹில்சா மீன் வாங்கினால் அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார். மாமனாரை மாலையில் லேக்குக்கு நடக்கக் கூட்டிப்போவாள். அவர் அவள் சொல்லும் அரைகுறை ஜோக்குக்கெல்லாம் தோள் குலுங்கச் சிரிப்பார். என் பெண்ணுக்குக்கூடத் துணி எடுக்கச் சித்திதான் வரவேண்டும். என்னை வாய் நிறைய அக்கா அக்கா என்பாள். ஒவ்வொரு அக்காவுக்கும் என் காதில் புகை வரும்.

இப்படியே காலம் ஓடியது. மாமியார், சின்ன மருமகள் வந்த முதல் கார்த்திகைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். விளக்கு மாடியில் வாத்துகளுக்கு நடுவே இருந்தது. நான் மாடிக்குப் போனால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டேன். திருப்பினால் கண் போய் அதில் ஒட்டிக்கொள்ளும்.

சமீபத்தில்தான் அந்த விவகாரம் கிளம்பியது. இங்குள்ள ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில், கிழக்குக் கடல்களில் பரவிய ஆதிக் கிறிஸ்தவம் பற்றி ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார்கள். ஓரகத்தி தன் சர்ச்சில் யாரிடமோ விளக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய், கண்காட்சியை நடத்தும் பேராசிரியையிடமிருந்து போன் வந்தது. விளக்கு அசலாக இருந்தால் நடுக் கண்ணாடிப் பெட்டியில் வைப்போம், கொடுத்த குடும்பத்தின் பெயர் கீழே இருக்கும் என்றார்.

கீழே இருக்கப்போவது யார் பெயர் என்று எனக்குத் தெரியும். விளக்கு போலியாக இருக்கவேண்டும் என்று நான் காளிகாட் கோயிலில் போய் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளலாமா என்று யோசித்தது வாஸ்தவம்.

காளி பூஜை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பேராசிரியை, நரைத்த கொண்டையும் பெரிய பொட்டுமாக ஒரு பெங்காலி அம்மாள். கூட, எங்கள் துறையில் பெயர் பெற்ற ஒரு நிபுணர். எதையும் போலி என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார் என்று ஆபீசில் கேலி செய்வோம். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் விளக்கை வைத்தாள் ஓரகத்தி. மாமனார் மங்கி கேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முடியைப் படிய வாரிக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காரும் அப்பா போல உட்கார்ந்திருந்தார்.

நிபுணர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கப்பல் ஆட்களுக்கு விற்கவே செய்தது. பழைய விளக்கின் மேல் அச்செடுத்துப் புதிதாக எத்தனை வேண்டுமானாலும் செய்வார்கள். அப்புறம் கோந்தில் மண்ணையும் சுண்ணாம்பையும் குழைத்து இடுக்குகளில் அப்பிவிட்டால், புதைந்து கிடந்த மாதிரி இருக்கும்."

"அச்செடுத்துச் செய்தால் மண் காயும்போது சுருங்கும். உருவம் சிறுத்துப்போகும்" என்றார் பேராசிரியை. "இது அளவில் சரியாக இருக்கிறது."

"எழுத்து மழுங்கியிருக்கிறதே?"

"மழுங்குவது வேறு, தேய்வது வேறு. சரி, அதை விடுங்கள். இந்த மூக்கைப் பாருங்கள். எவ்வளவு கரி! வருஷக்கணக்கில் ஏற்றிய விளக்கு இது. சுற்றுலாக்காரனுக்கு விற்கச் செய்ததை யார் ஏற்றப்போகிறார்கள்? இதோ, சிலுவையின் ஓரத்தில் சிவப்பு. பூசிய வண்ணத்தின் மிச்சம்." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாமனாரைப் பார்த்துப் புன்னகை செய்தார். "ஏக்தொம் ஆஷோல், மேஷோமொஷாய்!" சுத்த அசல் என்றார்.

மாமனார் சிரித்தார். ஆனால் அவர் பார்வை மேலே மின்விசிறியில் இருந்தது. குளிர் நாள், மின்விசிறி ஓடவில்லை. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அவருக்கும் தெரியும் என்று எனக்கு அப்போது விளங்கியது.

நான் அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு வெளியே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்தக் கரி எங்க வீட்டு நல்லெண்ணெய்க் கரி" என்றேன். "அந்தச் சிவப்பு எங்க அத்தை வெச்ச குங்குமம்."

அதன் பிறகு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. காளி பூஜைக்கு ஊரே விளக்கேற்றி முடித்த பிறகு சில வாரம் கழித்து எங்களுக்குக் கார்த்திகை வரும். காளிகாட் சந்துகளில் விற்காமல் மிஞ்சிய அகல்களை அள்ளிக்கொண்டு வருவோம். வீட்டில் உள்ள மண் விளக்கை எல்லாம் மாமியார் அன்று வெளியே எடுப்பார். புதிதோ பழையதோ, முதல் நாளே வாளித் தண்ணீரில் ஊறப்போடவேண்டும். இல்லாவிட்டால் மண் எண்ணெயைக் குடித்துவிடும். மறுநாள் காயவைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வரிசையாக ஏற்றுவார். அந்த வரிசையில் இந்தச் சிலுவை விளக்கும் உண்டு. மாமனார் முதல் வருஷம் தடுத்துப் பார்த்தாராம். "வெளக்குன்னா ஏத்தணும். பூட்டி வெக்க இது என்ன அட்டிகையா? வாட்சுதான் போச்சு, வெளக்காவது எரியட்டும்" என்றாராம் மாமியார். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. சிலுவையின் புடைப்பு பொட்டு வைக்க வாகாக இருக்கும் என்று சரியாக அதன் நடுவில் குங்குமம் வைப்பார். நான் வந்த பிறகு வாளியில் போட்டு எடுத்ததெல்லாம் நான்தான். மருமகள் பேச்சு அம்பலம் ஏறாது என்று நானும் வாய் திறக்காமல் போட்டு எடுத்தேன். ஏற்றி அணைத்ததும் அது மாமனாரின் அலமாரிக்குள் போய்விடும், உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்ததில்லை.

"தண்ணீரிலா?" பேராசிரியை தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஒவ்வொரு வருஷமுமா? ஷொர்போனாஷ், சர்வநாசம்!"

மண்ணில் புதைந்து கிடந்ததற்கான தடயம் ஏதாவது இருந்திருந்தால் அதெல்லாம் எங்கள் வாளியில் கரைந்து டாக்குரியா சாக்கடைக்குப் போயிருக்கும் என்றார். நிபுணர் விளக்கை மேஜையில் வைத்துவிட்டுத் தட்டிலிருந்த சந்தேஷ் இனிப்பை எடுத்துக் கடித்தார். அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்த மீன் முள் இறங்கியது போல இருந்தது. மாமனார் மங்கி கேப்பை எடுத்துத் தலையில் மாட்டி, காதை மூடிக்கொண்டார். அவரைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அவரைப் பார்க்காமல் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் முகம் வாடும் என்று காத்திருந்தேன்.

அவள் விளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "இது அத்தை வெச்ச குங்குமமாக்கா? சிலுவை மேலயே வெச்சிருக்காங்க!" என்றாள். "இவ்ளோ நாளா எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க. நான் என்னமோ துருன்னு நெனச்சு நல்லவேளை தேய்க்காம விட்டேன்."

பாருங்கள் அநியாயத்தை. நான் அவளிடமிருந்து ஆயிரத்தைந்நூறு வருஷத்தைப் பிடுங்கினால், அவள் என் மாமியாரை எடுத்துக்கொண்டு போகிறாள். அந்த அம்மாளோடு அத்தனை வருஷம் அடுப்படியில் நின்றவள் நான். வாளியில் கை விட்டவள் நான்.

பேராசிரியை விடுவதாக இல்லை. நீங்கள் மண்பாண்டம் தெரிந்தவர், முறையாகப் பார்த்து ஒரு கருத்து எழுதித் தாருங்கள், அதை வைத்து முடிவு செய்வோம் என்று என்னிடம் சொன்னார். நிபுணரும் தலையை ஆட்டினார். என் சிரிப்பை அவர் கேட்டிருந்தாரே, போலி என்றுதான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்.

"அக்கா பாக்கட்டும்" என்றாள் ஓரகத்தி. "அக்கா சொன்னா சரிதான்." மாமனார் தலையிலிருந்த மங்கி கேப்பை உரிமையோடு உருவி, விளக்கை அதில் பொதிந்து என் கையில் கொடுத்தாள். எத்தனையோ வருஷம் கேட்டுக் கிடைக்காதது அப்படித்தான் என்னிடம் வந்தது, அவள் கொடுத்து.

மறுநாள் ஆபீசில் என் மேஜையில் அதை வைத்தேன். நான் அதில் நியாயமாக நடந்துகொண்டேன் என்று சொல்லமாட்டேன். போலி என்று எழுதவேண்டிய வாக்கியத்தை பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். வேண்டியதெல்லாம் ஒரே ஒரு ஆதாரம்.

குங்குமத்தையும் கரியையும் தொடவில்லை. விளக்கைத் திருப்பி, அடிப்பக்கத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். அடி விளிம்பில் சின்னதாக ஒரு துண்டு உடைந்திருந்தது. உடைந்த அந்தப் பள்ளத்துக்குள்ளும், பக்கத்தில் இடுக்குகளிலும் வெண்மையாக ஒரு படிவு. ஊசி முனையால் சுரண்டினேன், வரவில்லை. ஒரு சொட்டு நீர்த்த அமிலம் வைத்தேன், நுரைத்தது. சுண்ணாம்பு. போலி செய்கிறவனும் சுண்ணாம்புதான் அப்புவான் என்று நிபுணர் சொல்லியிருந்தார். கோந்தில் குழைத்து அப்பிய சுண்ணாம்பு என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

எடுத்த பேனா நின்றது. கோந்து என்றால் தண்ணீரில் இளகும். அலுவலகத்தில் போலிப் பொம்மைகள் எத்தனையோ வந்திருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் மேல் மண் எல்லாம் கழன்று அடியில் சேறாகக் கிடக்கும். நாங்கள் செய்யும் முதல் சோதனையே அதுதான். இந்த விளக்கை என் மாமியார் ஒவ்வொரு கார்த்திகைக்கும் முந்தின நாள் இரவு முழுக்க ஊறப்போட்டிருக்கிறார். அது வீட்டுக்கு வந்த காலத்திலிருந்து. பிறகு நானே போட்டிருக்கிறேன், விடிந்ததும் தேங்காய் நாரால் ஒரு தேய்ப்பும் தேய்த்திருக்கிறேன். இவ்வளவுக்கும் அசையாமல் இருப்பது கோந்து இல்லை. அது மண்ணுக்குள் கிடந்து, தண்ணீர் ஊறி ஊறி, கல்லாக இறுகிய சுண்ணாம்பு. அதுவும் உடைந்த பள்ளத்துக்கு உள்ளே. உடைந்த பிறகுதான் மண்ணுக்குள் போயிருக்கிறது. யாரோ ஏற்றி, கை தவறிப் போட்டு, எறிந்த விளக்கு.

நம்ப மனம் வரவில்லை. மறுபடியும் தண்ணீரில் போட்டு ஒரு முழு நாள் வைத்தேன். தொட்டியின் அடியில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை. மேலே மட்டும் லேசாகக் குங்குமம் மிதந்தது. அதைப் பார்த்ததும் பதறிப்போய் விளக்கை வெளியே எடுத்தேன். நல்லவேளை, சிலுவையின் இடுக்கில் இன்னும் மிச்சம் இருந்தது.

மண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது. மனிதர்களிடம் வரும். பழமையானது என்றே கருதுகிறேன், காரணங்கள் இவை, என்று எழுதினேன். எழுதி முடித்தபோது கை வலித்தது. வரும் வழியில் காளிகாட்டில் இறங்கி, கார்த்திகைக்கு அகல் வாங்கினேன். கடைக்காரர் ஒன்றிரண்டு கூடப் போட்டுக் கொடுத்தார், நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் பால்கனியில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். பொதியைப் பார்த்ததும் பேப்பரை மடக்கினார். கேட்கவில்லை. காத்திருந்தார்.

"அசல்தான் மாமா" என்றேன்.

அவருக்குக் காது சரியாகக் கேட்காது. "என்ன?" என்றார்.

"அசல். பழசு. ஒங்கள யாரும் ஏமாத்தல."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்தபடியே திரும்பி, உள்ளே சுவரில் மாலையோடு இருந்த மாமியார் படத்தைப் பார்த்தார். "கேட்டியாடி? ஓடாம் ஓடு!" என்றார். சத்தமாகச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அந்த வாட்சுக்காக அவர் எவ்வளவு நாள் வெட்கப்பட்டுக் கிடந்திருக்கிறார் என்று அந்த முதுகில் கை வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இருமல் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா ஒனக்குல்லம்மா குடுத்திருப்பேன்."

"என்ன மாமா?"

"அந்தக் கெழவன் சிரிச்ச சிரிப்பு அப்படி. கப்பல்ல ஏறும்போதே எனக்குச் சந்தேகம். ஒங்கிட்ட குடுத்தா ஒரே நாள்ல டூப்ளிகேட்னு சொல்லிடுவியேன்னு பயம். நீ கேக்குறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். சின்னவ வந்தா; அவ நம்புற பொண்ணு, நோண்டிப் பாக்க மாட்டா. டூப்ளிகேட்டா இருந்தாலும் அவகிட்ட இருந்துட்டுப் போவட்டும்னு தள்ளிவிட்டேன். அசல்னு தெரிஞ்சா, இதெல்லாம் தெரிஞ்ச ஒனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பேன்?"

காபியின் வாசனை வந்தது. திரும்பினேன். பால்கனிக் கதவருகே ஓரகத்தி டபரா டம்ளரோடு நின்றிருந்தாள். மாமனாருக்கு மாலைக் காபி அவள்தான் கொண்டுவருவாள். வழக்கமாக வரும்போதே ஏதாவது பேசிக்கொண்டு வருவாள். அன்று டம்ளரை ஸ்டூலின் மேல் வைத்தாள். அவர் பார்க்கவில்லை; அவர் மறுபடி படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. ஆரத்தித் தட்டைக் கழுவிவிட்டுக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த நாளிலிருந்து அதை நான் அறிவேன். அவளிடம் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரும்பி மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கேட்கவேண்டும் என்று ஏங்கிய வார்த்தையைக் கேட்டுவிட்டேன், அதுவும் அவள் காதுபட. சந்தோஷம் வந்தது, ஒரு வாய்க் காபி அளவுக்கு. அதற்கப்புறம் அவர் சொன்னதை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தபோது, ஆத்திரம்தான் வந்தது. என் அறிவுக்குப் பயந்து எனக்குக் கொடுக்கவில்லையாம். அந்த அறிவை வைத்தே இன்று விளக்கை அவளுக்கு அசலாக்கிக் கொடுத்திருக்கிறேன். இதைவிட ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டா?

விளக்கு கண்காட்சிக்குப் போக இன்னும் நாள் இருந்தது. நான் அதை மாடிக்குக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் அவள் கீழே வரவில்லை. மாமனார் லேக்குக்குத் தனியாகப் போய்விட்டு வந்து, சின்னவளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவர் சொன்னது அவருக்கே ஞாபகம் இல்லை.

கார்த்திகைக்கு முதல் நாள் அகல்களை வாளியில் போட்டேன். வருஷா வருஷம் அவள் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் அழுத்தி, குமிழி விடுவதைப் பார்த்துச் சிரிப்பாள். அன்றும் வரவில்லை. தனியாகப் போட்டு முடித்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஷோகேஸ் திறந்திருந்தது. விளக்கு வாத்துகளுக்கு நடுவே இல்லை. மங்கி கேப்பில் பொதிந்து மேஜை ஓரத்தில் வைத்திருந்தாள், என்னிடம் கொடுக்கத் தயாராக.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள். இந்த முறை அக்கா என்று கூப்பிடவில்லை. "ஒங்களுக்குக் குடுக்கவேண்டியதுதானே அது. டூப்ளிகேட்டுன்னு நெனச்சு எங்கிட்ட தள்ளியிருக்காங்க. அது தெரியாம நான் ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன், மாமா எங்க சாமி வெளக்க எனக்குக் குடுத்தாங்கன்னு." கையிலிருந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். "எடுத்துட்டுப் போங்களேன்."

எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். கை அரித்தது, பொய் சொல்வானேன். ஆறுதலாக நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"டூப்ளிகேட்டத்தான் குடுத்தாரு. ஒனக்கு அதாவது குடுத்தாரு" என்றேன். "எனக்கு அந்த டூப்ளிகேட்டக்கூடக் குடுக்கலயேடி."

அவள் மடித்த துணியோடு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நான் சொன்ன தோரணை அப்படி இருந்திருக்க வேண்டும். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அது சிரிக்கும் விஷயம் இல்லை, இன்றுவரை. கட்டிலில் கிடந்த துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, நான் உட்கார இடம் விட்டாள்.

துணியை மறுபடி மடித்துக்கொண்டே, "வாளில போட்டாச்சாக்கா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

அவள் மங்கி கேப்பைப் பிரித்து விளக்கை எடுத்தாள். இருவரும் கீழே இறங்கினோம். பேராசிரியை கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும். குங்குமம் கரைந்தால் நாளைக்கு மறுபடி வைத்துக்கொள்ளலாம். வாளிக்குள் அதை யார் போடுவது என்று ஒரு கணம் இருவரும் நின்றோம். நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.